யார் அவள்?

அன்புள்ள அக்கா,

போன வாரம் ‘மறுபடியும்’ படம் பார்த்தேன். கணவன் ஒரு நடிகையோடு போய்விடுகிறான், குடும்பம் உடைகிறது. நான் கல்யாணமாகி மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து 19 வருடம். இப்போது பிரிந்திருக்கிறோம். குடி, அடி, இன்னொருத்தி எதுவும் கிடையாது. ஆனால் சொந்தக்காரர்கள் எல்லோரும் “யார் அவள்?” என்றுதான் கேட்கிறார்கள். எதுவுமே நடக்காமல் ஒரு கல்யாணம் முடிந்துபோவதைச் சினிமாவில் யாராவது காட்டியிருக்கிறார்களா?

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தங்கைக்கு,

காட்டியிருக்கிறார்கள். நம் படங்களில் குறைவு; நமக்குக் கதை நகர ஒரு குற்றவாளி வேண்டியிருக்கிறது. பாலு மகேந்திராவின் ‘மறுபடியும்’ (1993) எனக்குப் பிடித்த படம். திரும்பி வரும் கணவனை மனைவி துளசி ஏற்காமல் அனுப்புகிற இடத்துக்காகவே அதை மதிக்கிறேன். ஆனால் அது துரோகத்தின் கதை. உங்களுடையது வேறு.

சத்யஜித் ராயின் ‘சாருலதா’ (1964) பாருங்கள். தொடக்கத்தில் சாரு பெரிய வீட்டில் தனியாகச் சுற்றுகிறாள். ஜன்னல் ஜன்னலாகப் போய், கைப்பிடி வைத்த சின்னத் தொலைநோக்கியால் தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள். அப்புறம் கணவன் பூபதி புத்தகத்தில் மூழ்கியபடி அவளைத் தாண்டி நடக்கிறான். அவள் அங்கே நிற்பதே அவனுக்குத் தெரியவில்லை. விலகிப் போகிறவனை அதே தொலைநோக்கியால் பார்க்கிறாள். பூபதி கெட்டவன் இல்லை. பத்திரிகை நடத்துகிறவன், மனைவி மேல் அன்புள்ளவன். அதுதான் என்னை உலுக்கியது. தம்பி முறையான அமல் வந்து சேர்வதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மன் 1973இல் அந்நாட்டுத் தொலைக்காட்சிக்கு எடுத்த ‘ஒரு திருமணத்தின் காட்சிகள்’ ஒரு பத்திரிகைப் பேட்டியோடு தொடங்கும். கணவன் தன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டே போகிறான். மனைவிக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல வார்த்தை வரவில்லை. அங்கேயும் இன்னொருத்தி வருகிறாள், ஆனால் பின்னால்.

இங்கே டர்பனில் என் பெரியம்மா வீட்டிலும் இப்படித்தான். முதலில் பெரியப்பாவுக்காகக் காத்திருந்து சேர்ந்து சாப்பிடுவார். பிறகு தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். பிறகு பெரியப்பா வழியிலேயே பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு நிரப்பியது) வாங்கிக் காரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தார். தட்டு மூடி வைப்பது என்றைக்கு நின்றது என்று இருவருக்குமே ஞாபகம் இல்லை. புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கு மட்டும் ஒன்றாக வருவார்கள். பார்த்தவர்கள் நல்ல ஜோடி என்பார்கள்.

‘சாருலதா’வைத் தனியாகப் பாருங்கள். கடைசியில் சாருவின் கையும் பூபதியின் கையும் நீள்கின்றன, சேர்வதற்கு முன்பே படம் அப்படியே உறைந்துவிடுகிறது. அந்தக் கைகளைப் பார்த்து உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா