விளக்கு நன்றாகத்தானே எரிகிறது, அப்புறம் எதற்கு ரீகால்?

(வீட்டு மின்சாரம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, வயரிங் வேலையிலேயே தலை நரைத்த ஒருவரின் பதில்கள்)

கேள்வி: சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் எங்கள் விளக்குக்கு ‘ரீகால்’ (கோளாறு இருப்பதால் விற்ற பொருளைத் திரும்பப் பெறுவது) என்று தயாரிப்பாளரிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. கண்ணாடிக் கூடு கழன்று விழலாமாம். வாங்கிய நாளிலிருந்து ஒரு குறையும் இல்லை. என் கணவர், ‘எரிகிற விளக்கை எதற்குக் கழற்றணும்?’ என்கிறார். நீங்களே சொல்லுங்கள் ஐயா.

எரிவது வேறு, தொங்குவது வேறு அம்மா. பல்பு எரிவதை மின்சாரம் பார்த்துக்கொள்ளும். கூடு விழாமல் நிற்பது ஒரு கிளிப்பையும் நாலு திருகையும் நம்பி. அந்த கிளிப் முக்கால்வாசி விரிசல் விட்ட பிறகும் பல்பு பளிச்சென்றுதான் எரியும். உங்கள் கணவர் கீழேயிருந்து பார்க்கிறார். கோளாறு மேலே இருக்கிறது.

2016இல் வீட்டுச் சாமான்கள் விற்கும் ஐக்கியா நிறுவனம் ஹூபி, லாக், ரின்னா என்ற கூரை விளக்குகளைத் திரும்பப் பெற்றது. பிரச்சினை மின்சாரத்தில் இல்லை. கண்ணாடியைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் உடைந்து கண்ணாடி கீழே வந்துவிடும் என்பதுதான். 2021இல் அதே நிறுவனத்தின் கலிப்ஸோ விளக்குக்கும் கண்ணாடி விழும் என்றே அறிவிப்பு வந்தது. இத்தனை பெரிய கம்பெனிக்கே இந்த நிலைமையா என்று கேட்பீர்கள். என்னைக் கேட்டால், அறிவிப்பு கொடுக்காத கம்பெனியைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

சோதனை செய்யாமலா விற்கிறார்கள்? செய்கிறார்கள். விளக்குகளுக்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 60598. அதன்படி, விளக்கின் எடையைப் போல நான்கு மடங்கு சுமையைக் கூடுதலாக ஏற்றி, 1 மணி நேரம் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். கம்பியோ சங்கிலியோ இல்லாமல் வெறும் வயரிலேயே தொங்கும் விளக்கு 5 கிலோவைத் தாண்டக் கூடாது. ஆனால் சோதனைக்குப் போவது சில மாதிரிகள், பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வருவது வேறு. நடுவில் ஒரு தொகுதிக்கு மட்டும் மட்டமான பிளாஸ்டிக் வந்து சேர்ந்தால் போதும். பல்பு சூட்டில் தினமும் காய்ந்து காய்ந்து, கொஞ்ச காலத்தில் அது பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். அதனால் இத்தனை நாள் விழவில்லை என்பது இனி விழாது என்பதற்குச் சாட்சியாகாது. நாள் ஆக ஆக ஆபத்து கூடத்தான் செய்யும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: சுவிட்சை அணைத்துவிட்டு மேசையை அந்த இடத்திலிருந்து நகர்த்துங்கள். நகர்த்த முடியாவிட்டால் அதற்கடியில் உட்காராதீர்கள். ‘கெட்டியாக இருக்கிறதா பார்க்கலாம்’ என்று யாரும் கூட்டை இழுத்துப் பார்க்க வேண்டாம். மெயிலில் உள்ள இணைப்பை அமுக்காமல், நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே போய் அதே அறிவிப்பு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். பணம் திருப்பித் தருகிறார்களா, மாற்று விளக்கா, புது கிளிப் மட்டுமா என்பது அதிலேயே இருக்கும். கிளிப் மட்டும் அனுப்பினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: விளக்கின் பெட்டி, பில் எதுவும் என்னிடம் இல்லை. அது ரீகால் ஆன மாடலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஷாக் அடிக்கும் என்று ரீகால் செய்வதும் உண்டா?

பில் தொலைந்தால் என்ன, விளக்கின் உடம்பிலேயே ஜாதகம் இருக்கும். கூரையை ஒட்டியிருக்கும் கப்பின் உட்பக்கமோ, ஹோல்டருக்குப் பக்கத்திலோ ஒரு ஸ்டிக்கர் தெரியும். மாடல் எண், அதிகபட்ச வாட், சிலவற்றில் தயாரித்த தேதிக் குறி. ஐக்கியா பொருளில் நாலு இலக்க எண் இருந்தால் முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 2105 என்றால் 2021ஆம் ஆண்டின் 5ஆம் வாரம். ஒரே மாடலில் சில வாரத்துச் சரக்கு மட்டும் ரீகால் ஆவது சகஜம், அதனால் இந்தக் குறியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓ.இ.சி.டி. என்ற பல நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு 2012 முதல் பல நாட்டு ரீகால்களை ஒரே தளத்தில் தேட வழி செய்திருக்கிறது. ஐரோப்பாவுக்கு ‘சேஃப்டி கேட்’ தளம், அமெரிக்காவுக்கு சி.பி.எஸ்.சி. என்ற நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளம். இணையத்தில் வாங்கிய விளக்கு எந்த நாட்டுச் சரக்கு என்றே தெரியாதபோது இவை உதவும்.

ஷாக் விஷயத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் சர விளக்கின் கப்பைக் கழற்றினேன். வயர் நுழையும் ஓட்டையின் விளிம்பு பிளேடு போலப் பிசிறோடு இருந்தது. அங்கே ஒரு ரப்பர் வளையம் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. ஃபேன் காற்றில் விளக்கு ஆடி ஆடி, வயரின் உறை தேய்ந்து செம்பு எட்டிப் பார்த்தது. எர்த் வயரும் எங்கேயும் சேராமல் சுருண்டு கிடந்தது. செம்பு தகரத்தைத் தொட்ட நொடியே முழு விளக்கிலும் கரண்ட் ஏறிவிடும். அடுத்த தடவை பல்பு மாற்றுகிறவர் தலையில்தான் அது விடியும். இதே மாதிரிக் கோளாறு ஒரு தொகுதி முழுக்க இருந்தால் ரீகால் வரும். இரட்டைச் சதுரக் குறி (ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம்) உள்ள விளக்குக்கு எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லாத இரும்பு, பித்தளை விளக்குகளில் எர்த் சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ரீகால் ஆன விளக்கின் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம். பசை சூட்டில் இளகும். பல்பு மாற்றவும் முடியாது போகும். ரீகாலில் பணம் கேட்டாலும் பசை போட்ட விளக்கைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள்.

கேள்வி: கழற்றிய விளக்கை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடலாமா? புதிதுபோல இருக்கிறது.

வேண்டியவர்களுக்கா? அமெரிக்காவில் ரீகால் ஆன பொருளை விற்பது 2008 முதல் சட்டப்படியே குற்றம். நிறுவனம் திருப்பிக் கேட்டால் அனுப்புங்கள். கேட்காவிட்டால் வயரை அடியோடு வெட்டிவிட்டு, மின்கழிவு எடுக்கும் இடத்தில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் யாராவது எடுத்துப்போய் மாட்டிவிடுவார்கள்.