சோப்பு விற்ற யூனிலீவர் ஐஸ்கிரீமில் வளர்ந்தது எப்படி?

தாராவியில் மளிகைக் கடை வைத்திருப்பவர் கேட்கிறார்: சோப்பு கம்பெனி ஏன் ஐஸ்கிரீமுக்கு வந்தது? நம் கடையில் ப்ரீசர் வைத்தால் கட்டுப்படியாகுமா?

சோப்பு செய்த லீவர் பிரதர்ஸுக்கும் டச்சு மார்கரின் (வெண்ணெய்க்குப் பதிலாகத் தடவும் கொழுப்பு) நிறுவனத்துக்கும் மூலப்பொருள் ஒன்றுதான்: எண்ணெய், கொழுப்பு. அதனால் இரண்டும் யூனிலீவராக ஒன்றுசேர 1929-இல் ஒப்பந்தம் போட்டார்கள். யூனிலீவருக்கு ஐஸ்கிரீம் வந்தது வால்ஸ் வழியாக. அது லண்டனில் சாசேஜ் என்ற இறைச்சிப் பண்டம் விற்ற நிறுவனம். கோடையில் இறைச்சி விற்பனை படுத்ததால் 1922-இல் ஐஸ்கிரீமுக்கு வந்தது. இந்தியாவில் 1990-களில் குவாலிட்டி என்ற ஐஸ்கிரீம் நிறுவனத்தோடு சேர்ந்து குவாலிட்டி வால்ஸ் ஆனது.

ஆனால் இந்தத் தொழிலை வளர்த்தது ருசியைவிடக் குளிர்தான். ஆலையிலிருந்து உங்கள் ப்ரீசர் வரை வெப்பநிலை மைனஸ் 18 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருக்க வேண்டும். கரண்டு பில்லுக்குப் பயந்து இரவில் சுவிட்சை அணைத்தால் சரக்கு இளகி மறுபடி உறையும். காற்றுக்குமிழ் உடையும், ஐஸ் துகள்கள் பெரிதாகும், நாக்கில் மணல்போல் நறநறக்கும். ஐஸ்கிரீம் கப்பின் ஓரத்தை விட்டுச் சுருங்கியிருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

மும்பையின் ஈரக்காற்றில் மூடியைத் திறக்கத் திறக்க உறைபனி சேரும். கத்தியால் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் குளிரூட்டும் குழாய் ஓட்டையாகிவிடும். சரக்கு உள்ளே இல்லாதபோது அணைத்து உருக்கியே எடுங்கள். ப்ரீசருக்குள் குறித்திருக்கும் கோட்டுக்கு மேல் சரக்கை அடுக்கவும் கூடாது. இடைவிடாத கரண்டுக்கு வழியில்லையென்றால் ப்ரீசர் வேண்டாம்.

இது ஐஸ்கிரீம்தானா என்று வாடிக்கையாளர் கேட்டால்: பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் இருந்தால் லேபிளில் ஃப்ரோசன் டெசர்ட் என்றுதான் இருக்கும், ஐஸ்கிரீம் என்று அல்ல.