விப்ரியோ கடல்ல இருந்துச்சா, பாட்டில்ல வளந்துச்சா?

ஒரு ஆராய்ச்சி மாணவர் கேட்டிருக்கார். கடலோட மேல்மட்டத்துல தண்ணி எடுத்து, ராத்திரி பூரா பாட்டில்லயே வச்சிருந்து, மறுநாள் காலைல ஃபில்டர் பண்ணி 16எஸ் சீக்வென்ஸிங்குக்கு (எல்லா பாக்டீரியாலயும் இருக்கற 16எஸ்ங்கற ஒரு ஜீன மட்டும் படிச்சு, யார் யார் இருக்காங்கன்னு பாக்கறது) அனுப்பியிருக்கார். ரிசல்ட்ல பாதிக்கு மேல விப்ரியோ, ஆல்டெரோமோனாஸ்னு ரெண்டு பாக்டீரியா வகைதான். கடல் கெட்டுப்போச்சா, அடுத்த தடவ ஷாட்கன் மெட்டாஜீனோமிக்ஸ் (ஒரு ஜீன மட்டும் இல்லாம தண்ணில இருக்கற எல்லா டிஎன்ஏவையும் படிக்கறது) பண்ணா தெளிவாயிடுமா, எத்தனை லிட்டர் ஃபில்டர் பண்ணணும்னு மூணு கேள்வி.

கடல அப்புறம் பாப்போம், முதல்ல அந்த பாட்டில சந்தேகப்படுங்க. கடல் தண்ணில சாப்பாடு ரொம்ப கம்மி, அதுல பெரும்பான்மையா இருக்கற சார்11 மாதிரி பாக்டீரியா கூட்டம் கொஞ்சமா சாப்ட்டு மெதுவா வாழப் பழகினது, ஒண்ணு ரெண்டாகறதுக்கே ஒரு நாள் ரெண்டு நாள் எடுத்துக்கும். (சார்னு மரியாதைக்கு சொல்லல, சர்காஸோ கடல்ல கண்டுபிடிச்சதால வந்த சுருக்கம், 1990ல.) விப்ரியோ அப்படி இல்ல, நல்ல சாப்பாடு கிடைச்சா சில வகைக்கு அரை மணி நேரம்கூட வேண்டாம். தண்ணிய பாட்டில்ல அடைச்சதும் செத்த பிளாங்க்டன்ல (தண்ணில மிதக்கற சின்னச் சின்ன உயிருங்க) இருந்து கசியறது, பாட்டில் சுவர்ல படியறது எல்லாம் இந்த வேகக்காரங்களுக்கு விருந்து, கடல்ல நூத்துல ஒண்ணுகூட இல்லாம இருந்தது விடியறதுக்குள்ள கூட்டத்துக்கே தலைவராயிடும்.

இதோட இன்னொரு கணக்கும் சேருது. சார்11 செல்லுல 16எஸ் ஜீன் ஒரே காப்பி, விப்ரியோல எட்டு, பத்துன்னு இருக்கும். பத்து விப்ரியோ செல்லும் நூறு சார்11 செல்லும் இருந்தா உங்க கிராஃப்ல ரெண்டும் ஏறத்தாழ சரிசமமா நிக்கும்! அதனால பாதின்னு வந்தத பாத்து பயப்படாதீங்க. அதுக்காக விப்ரியோ எப்பவுமே பொய்னும் சொல்லல, தண்ணி சூடாகி சத்து கூடினா கடல்லயே நிஜமா பெருகும். எதுன்னு கண்டுபிடிக்க அடுத்த தடவ ஒரே தண்ணில பாதிய எடுத்த இடத்துலயே ஃபில்டர் பண்ணி உறைய வைங்க, மீதிய பழையபடி மறுநாள் பண்ணுங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தா தெரிஞ்சிடும்.

ஷாட்கன் இத சரி பண்ணாது, பாட்டில்ல வளந்தத இன்னும் அதிக செலவுல துல்லியமா காட்டும், அவ்ளோதான். மாசாமாசம் யார் வர்றா யார் போறான்னு பாக்க 16எஸ் போதும், அந்த காச ஒரு இடத்துக்கு மூணு ரெப்ளிகேட்டுக்கு (அதே இடத்துல தனித்தனியா எடுக்கற சாம்பிள்) போடுங்க. அவங்க என்ன வேலை பண்றாங்கன்னு கேட்டாதான் ஷாட்கன். வெளிச்சத்துல இருந்து சக்தி எடுக்கற புரோட்டியோரோடாப்சின் ஜீன் 2000ல கடல் தண்ணி டிஎன்ஏல கிடைச்சது, வெறும் 16எஸ் பாத்துட்டு இருந்தா அது ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது.

லிட்டர் கணக்கு சுலபம். 1 மில்லில சுமாரா பத்து லட்சம் செல், அப்ப 1 லிட்டர்ல நூறு கோடி. பேப்பர் கணக்குல ஒண்ணு ரெண்டு மைக்ரோகிராம் டிஎன்ஏ, கைக்கு வர்றது அத விட நல்லா கம்மி, ஆனா பிசிஆருக்கு (படிக்கறதுக்கு முன்னாடி அந்த ஜீன பல மடங்கா பெருக்கறது) சில நானோகிராம் இருந்தா போதும்ங்கறதால 16எஸ்க்கு 1 லிட்டர் தாராளம். ஷாட்கன்னா கையிருப்பு இருக்கட்டும்னு ரெண்டுல இருந்து அஞ்சு. 0.22 மைக்ரான் ஃபில்டர், அரை மணி நேரத்துக்குள்ள முடிங்க. அடைச்சுக்கிச்சுன்னா ப்ரெஷர ஏத்தி பிழியாதீங்க, எத்தனை மில்லி போச்சோ அத எழுதிட்டு நிறுத்திடுங்க.

ப்ரைமர் (பிசிஆர்ல 16எஸ் ஜீன தேடி ஒட்டிக்கற சின்ன டிஎன்ஏ துண்டு) எந்த வெர்ஷன்னு லேப்ல கட்டாயம் கேளுங்க. பழைய 515, 806ங்கற ப்ரைமர் ஜோடி சார்11ஐயும் சில ஆர்க்கியாவையும் (பாக்டீரியா மாதிரியே இருக்கற வேற நுண்ணுயிர் கூட்டம்) குறைச்சு காட்டும், 2015, 2016ல திருத்தின வெர்ஷன் இருக்கு, கடலுக்கு அதுதான். அப்புறம் குளோரோபிளாஸ்ட்டோட (பாசி செல்லுக்குள்ள பச்சையம் இருக்கற பகுதி) 16எஸ்ஸும் பாக்டீரியா மாதிரியே வந்து உக்காரும், அத பிரிச்சு வைங்க, தூக்கி போடாதீங்க, பாசி யாருன்னு அதுல தெரியும்.

ப்ளாங்க்கும் வேணும். சுத்தமான தண்ணிய அதே ஃபில்டர், டிஎன்ஏ பிரிக்கற அதே கிட்ல ஓட்டி அதையும் சீக்வென்ஸ் பண்ணுங்க. ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம் மாதிரி பாக்டீரியாவோட டிஎன்ஏ கிட்ல இருந்தே வரும். 2004ல வெளிவந்த, ஜீனோம் விஞ்ஞானி க்ரெய்க் வென்டர் டீமோட சர்காஸோ கடல் வேலைலயே ஒரு சாம்பிள்ல ஷெவனெல்லாவும் பர்க்ஹோல்டேரியாவும் குவிஞ்சு கிடந்தத பாத்து, அது கடலோடது இல்ல, கலந்துபோனதுன்னு மத்தவங்க சந்தேகப்பட்டாங்க.

கைல இருக்கற ரிசல்ட்ட தீசிஸ்ல போடலாம், ஆனா கடலோட நிலைமைன்னு தலைப்பு வேண்டாம். ஒரு ராத்திரி பாட்டில்ல வச்ச தண்ணின்னு எழுதி, எத்தனை மணி நேரம், என்ன டெம்பரேச்சர்னு பக்கத்துலயே போட்டுடுங்க.