அம்மாவை ஏன் விட்டீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 42. சென்னையில் மென்பொருள் நிறுவன வேலையை விட்டுவிட்டு, மார்த்தாண்டம் பக்கம் சொந்த ஊரில் தொழில் தொடங்கப் போகிறேன். அடுத்த மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. ஆபீஸ் மருத்துவக் காப்பீடும் அன்றோடு சரி. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். 5 லட்சத்துக்கு எடுப்பதா, 10 லட்சத்துக்கா? அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. ஆறு வருடமாக ஆபீஸ் பாலிசியில் அவரும் இருந்தார், நிறுவனமே பிரீமியம் கட்டியது. சென்ற ஆண்டு கண்புரை ஆபரேஷன்கூட அதில்தான் நடந்தது. அப்பா இறந்ததிலிருந்து அம்மா என் தம்பியோடு இருப்பதால் இதில் சேர்க்கவில்லை. தம்பி ரப்பர் பால் வெட்டுகிறான்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: 10 லட்சத்துக்கு எடுங்கள். பிரீமியம் இடித்தால், 5 லட்சத்துக்கு ஒரு பாலிசியும் அதற்கு மேல் வரும் செலவுக்கு ஒரு டாப்-அப் பாலிசியும் போதும். உங்கள் கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். "தம்பியோடு இருப்பதால் இதில் சேர்க்கவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு வருடமும் அம்மா யாரோடு இருந்தார்? அப்போதும் தம்பியோடுதானே? நிறுவனம் பணம் கட்டியபோது, என்னைச் சார்ந்தவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். உங்கள் பையிலிருந்து கட்ட வேண்டும் என்றதும் அவர் தம்பி வீட்டு ஆள் ஆகிவிட்டாரா? இதே வரியை எத்தனையோ கடிதங்களில் படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எழுதுகிறவர் வெளியூரில் சம்பாதித்த மூத்த பிள்ளையாகவும், அம்மாவை வைத்துப் பார்க்கிறவர் ஊரில் கூலிக்குப் போகும் இளைய பிள்ளையாகவும் இருக்கிறார்.

பால்வெட்டு வருமானம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போக வேண்டும். ஜூன், ஜூலையில் மழை பிடித்துக்கொண்டால் பட்டை நனைந்து வெட்டு நின்றுவிடும். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து தளிர்க்கும்போது மரத்துக்கே ஓய்வு கொடுக்க வேண்டும். வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. அந்தக் கூலியில் அம்மாவுக்குச் சோறு போடுவதும், மாத்திரை வாங்குவதும், ராத்திரி எழுந்து பார்ப்பதும் உங்கள் தம்பியும் தம்பி மனைவியும். பணம்கூட உங்கள் பங்கில் வராது என்றால், மூத்த மகனுக்கு என்னதான் பங்கு? பெற்றவளைப் பார்ப்பதில் யார் வீட்டில் படுக்கிறாள் என்ற கணக்கே வரக்கூடாது என்பது என் எண்ணம். அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

காரியத்துக்கு வாருங்கள், ஏனென்றால் இதில் நாள் தள்ள முடியாது. ஆபீஸ் எடுத்துக்கொடுக்கும் குழுக் காப்பீட்டில் இருந்தவர், அதில் சேர்ந்திருந்த குடும்பத்தாரையும் கூட்டிக்கொண்டு, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உரிமை கொடுத்திருக்கிறது. அப்படி மாறினால் அம்மா இருந்த ஆறு வருடமும் காத்திருப்புக் காலத்தில், அதாவது ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பாலிசி பணம் தராத தொடக்க காலத்தில், கழியும். விட்டுவிட்டுப் பிறகு புதிதாக எடுத்தால், சர்க்கரை, பிரஷரால் வரும் சிகிச்சைகளுக்கு 36 மாதம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். மூட்டு மாற்று ஆபரேஷன் போன்றவற்றுக்கும் அதே கதைதான். மாறும்போது நிறுவனம் உடல் பரிசோதனை கேட்கலாம், பிரீமியத்தைக் கூட்டலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனாலும் வேலையில் இருக்கும்போதே, மனிதவளப் பிரிவுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 65 தாண்டியவருக்குப் புதுப் பாலிசி இல்லை என்று யாராவது சொன்னால், அந்த வயது வரம்பு 2024-லேயே போய்விட்டது என்று சொல்லுங்கள்.

அம்மாவுக்குத் தனிப் பாலிசியாக எடுங்கள். நால்வரோடு சேர்த்தால் மூத்தவர் வயதை வைத்து எல்லோருக்கும் பிரீமியம் ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கிடையாது, அந்தச் சாக்கும் உங்களுக்கு இல்லை.

கையெழுத்துப் போடும் முன் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். நாளுக்கு 4,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியோடு 8,000 ரூபாய் அறையில் படுத்தால், வாடகையில் மட்டும் வெட்டு விழாது. டாக்டர் கட்டணம் முதலானவற்றிலும் பாதியைக் கழித்துவிடுவார்கள். முதியோர் பாலிசிகள் பலவற்றில் பில்லில் ஒரு பங்கை நம் கையிலிருந்து கட்டச் சொல்லும் நிபந்தனையும் இருக்கும். உங்கள் பக்கத்தில் பெரிய வைத்தியம் என்றால் பாதிப் பேர் திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டி ஏறுகிறார்கள். அதனால் பணம் கட்டாமல் சேரக்கூடிய ஆஸ்பத்திரிப் பட்டியலில் நாகர்கோவிலோடு திருவனந்தபுரமும் இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை, பிரஷர், கண் ஆபரேஷன் மூன்றையும் படிவத்தில் எழுதுங்கள். மறைக்கச் சொல்லும் ஏஜென்ட், கிளெய்ம் மறுக்கப்படும் நாளில் உங்களோடு நிற்கமாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. தம்பி குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான் என்றாலும், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் அந்த அட்டை கையில் இருக்கட்டும். குடும்ப அட்டையில் அம்மா பெயர் இருக்கிறதா என்று தம்பியிடம் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்கு அலைவதை அவர் தலையில் கட்டாதீர்கள். வெட்டு விட்டு அலைந்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வருகிற நீங்களே போய் நில்லுங்கள்.