வாங்குவோர் கேள்வி-பதில்: உருகிய உலோகத்தின் மட்டம் பார்க்கும் கருவிகள்

கே: உருகிய அலுமினியத்தை ஆறாமல் வைத்திருக்கும் ஹோல்டிங் ஃபர்னஸுக்கு அல்ட்ராசோனிக் கருவி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். அது ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். ஒலி 20 டிகிரி காற்றில் நொடிக்கு 343 மீட்டர் போகும். 300 டிகிரியில் ஏறக்குறைய 480. உலைக்கு மேல் சூடு அடிக்கு அடி மாறுவதால் எந்தத் திருத்தமும் நிற்காது. எங்கள் பட்டறைக்கு வாங்கிய ஒன்று இப்போது தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது.

கே: கோவையில் சிறு பவுண்டரி. ‘1600 டிகிரி வரை’ என்று விற்ற லேசர் கருவி மூன்றே வாரத்தில் போய்விட்டது. சூட்டில் கெட்டதற்கு வாரண்டி இல்லை என்கிறார்கள்.

தப்பு உங்கள் மேல் இல்லை. பெரிய எழுத்தில் போடுவது உலோகத்தின் சூட்டை. கருவி தாங்கும் சூடு பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் 50, 60 டிகிரிதான். தண்ணீர் ஓடும் கூலிங் ஜாக்கெட்டும் லென்ஸ் முன் காற்று ஊதும் அமைப்பும் இல்லாமல் அது பாதிக் கருவி. அவற்றை ‘ஆக்ஸசரீஸ்’ என்று கொட்டேஷனுக்கு வெளியே தள்ளுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஊதும் காற்றுக்கு எண்ணெய் ஃபில்டரும் டிரையரும் தேவை; இல்லாவிட்டால் கம்ப்ரஸர் எண்ணெய் லென்ஸில் படலமாகப் படிந்து சிக்னல் நாளுக்கு நாள் தேயும்.

டெமோவையும் நம்பாதீர்கள். மேஜையில் வெள்ளை அட்டையை வைத்து ±1 மி.மீ. காட்டுவார்கள். கசடு வழித்த இரும்பு கண்ணாடி மாதிரி. கதிர் சற்றே சாய்ந்தாலும் திரும்பி வராது. 1500 டிகிரியில் இரும்பின் சொந்த ஒளியில் சிவப்பு லேசர் புள்ளி காணாமல் போகும். லேசரின் அலைநீளத்தை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இண்டக்ஷன் உலையில் பவர் ஓடும்போது உலோகம் நடுவில் மேடாக எழும்; கருவி அந்த மேட்டைத்தான் அளக்கும். உருக்க வேண்டிய உலோகத்தைப் போடுவதிலிருந்து ஊற்றும் வரை, உங்கள் உலையில் ஒரு முழு ஹீட் ஓட்டிக் காட்டிய பிறகே கடைசித் தவணை.

என்ன வேலைக்கு என்று எழுதிக் கேட்ட மெயில் இருக்கிறதா? 1930 சரக்கு விற்பனைச் சட்டம் 16ஆம் பிரிவில் அதற்கு மதிப்பு உண்டு. வக்கீலிடம் காட்டுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கடினம்: வணிகத்துக்கு வாங்கியவரை 2019 சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு.

கே: முழுப் பணமும் கட்டிவிட்டோம். வந்த கேபிள் 5 மீட்டர்தான், எங்களுக்கு 20 வேண்டும்.

கொட்டேஷனில் 5 என்றுதானே இருந்தது? படிக்காமல் கையெழுத்துப் போட்டால் நான் என்ன செய்ய? மீதிக்குக் காசு கொடுங்கள்.

கே: புகை அதிகம். ரேடாரில் 26 கிகாஹெர்ட்ஸா, 80ஆ?

80. கையளவு ஆன்டெனாவில் 26இன் கற்றை சுமார் 10 டிகிரி விரியும். 3 மீட்டர் கீழே அரை மீட்டர் வட்டம். லேடிலின் (உருகிய உலோகத்தை ஏந்தும் பாத்திரம்) வாய் சிறியதானால் விளிம்பைத்தான் அளக்கும். 80இல் விரிவு 3 டிகிரி அளவுதான்.

கே: பழைய காமா கதிர் மட்டக் கருவி ஒன்று ஸ்கிராப் விலைக்கு வருகிறது.

தொடாதீர்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் அதை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 2010இல் டெல்லி மாயாபுரியில் ஸ்கிராப்பில் வந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் ஒரு தொழிலாளியின் உயிரைக் குடித்தது. யாரையும் அருகே விடாமல் வாரியத்துக்கு இன்றே தகவல் கொடுங்கள்.