வாசகர் கேள்வி – பதில்: வ.உ.சி.யின் செக்கு, செய்யுளிலும் திரையிலும்

கேள்வி: 'கப்பலோட்டிய தமிழன்' படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த கையோடு, வ.உ.சி. எழுதிய சுயசரிதையையும் படித்தேன். ஒரே மனிதர் இரண்டிலும் வேறு வேறாகத் தெரிகிறாரே, எதை நம்புவது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சிறையில் வ.உ.சி.க்கு நேர்ந்ததை அறிய அவருடைய எழுத்தையே நம்புங்கள், அதற்காகப் படத்தைப் பொய்யென்று தள்ளிவிட வேண்டாம். 1961இல் பி.ஆர். பந்துலு இயக்கிய அப்படம், ம.பொ. சிவஞானம் (ம.பொ.சி.) எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் தழுவியது. ஆகவே, வ.உ.சி.யின் வாழ்க்கை இன்னொருவர் பார்வை வழியாகத்தான் திரைக்கு வந்து சேர்ந்தது.

செக்கிழுத்த நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் சிவாஜி கணேசன் மாட்டின் இடத்தில் நின்று செக்கை இழுக்கும்போது, அந்த உடல் படும் பாட்டைக் கண்டு நமக்கு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. வ.உ.சி.யோ தம் சுயசரிதையில் அதை அகவற்பா என்ற செய்யுள் வடிவில் சில அடிகளில் சொல்லி முடித்துவிடுகிறார்: தம் கைத்தோல் உரிந்திருப்பதை ஒரு திங்கட்கிழமை ஜெயிலர் பார்த்ததாகவும், உடனே மாட்டுக்குப் பதிலாகப் பகலெல்லாம் வெயிலில் செக்குத் தள்ள அனுப்பியதாகவும் கூறிவிட்டு, அவனுடைய அன்பைத்தான் என்னென்பது என்று வியக்கிறார். உரிந்த தோலோடு நின்றவர் தம்மை ஒடுக்கியவனை அப்படி எள்ளியிருக்கிறார் என்பதை எண்ணும்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அந்தக் குரலை எந்தக் கேமராவாலும் பிடிக்க முடியாது. செக்கின் பாரத்தை அந்தச் சில அடிகளால் நம் கண்முன் நிறுத்தவும் முடியாது. (அவர் இழுத்த செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது, நேரில் சென்று பாருங்கள்.)

பாரதியின் 'காற்று வெளியிடைக் கண்ணம்மா' ஜெமினி கணேசன், சாவித்திரி இணைக்குக் காதல் பாட்டாக வருவது சினிமாவின் தேவைக்காகச் சேர்க்கப்பட்டது; அதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும், பள்ளிக்கூடத்துக்கே போகாதவர்கள்கூட வ.உ.சி.யையும் பாரதியையும் சேர்த்து நினைவில் வைத்திருப்பதில் அப்படத்துக்குப் பெரும் பங்குண்டு என்பேன்.

கேள்வி: எண்பது வயதான என் பாட்டியின் வாழ்க்கையை எழுதி வைப்பதா, குரலாகப் பதிவு செய்வதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் குரலைப் பதிவு செய்யுங்கள். செல்லம்மாள் பாரதி 1951இல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்று பேசியது இன்று நமக்கு எழுத்தாகவே படிக்கக் கிடைக்கிறது. கவிஞனுக்கு மனைவியாக இருப்பதன் சிரமத்தை அதில் அவர் ஒளிக்காமல் சொல்கிறார். அதைச் சொல்லும்போது அவர் எங்கே நிறுத்தினார், எங்கே தழுதழுத்தார் என்பது அச்சில் தெரிவதில்லை. பாட்டி பேசும்போது குறுக்கிட்டு ஆண்டையும் தேதியையும் கேட்காதீர்கள். அவற்றைப் பிறகு வீட்டுப் பத்திரங்களைப் பார்த்துச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.