வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து ஆட எந்த வீ விளையாட்டுகளை வாங்கலாம்?

வாசகி ஒருவர் அனுப்பியுள்ள கேள்வியின் சாரம் இது. உறவினர் பயன்படுத்தி வந்த நின்டெண்டோ நிறுவனத்தின் வீ கன்சோல் (தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் விளையாட்டுக் கருவி) ஒன்று அவர் வீட்டுக்கு வந்திருக்கிறது. உடன் இரண்டு ரிமோட்டுகளும், ரிமோட்டுடன் கம்பியால் இணைத்து மறுகையில் பிடித்துக்கொள்ளும் நன்சக் என்ற சிறு கருவி ஒன்றும் இருக்கின்றன. டிஸ்க் ஒன்றுகூட இல்லை. வீட்டில் எட்டு வயது மகன், பதினான்கு வயது மகள், கணவர், எழுபதை நெருங்கும் மாமியார். "எல்லோரும் சேர்ந்து ஆடும்படியாக எந்த விளையாட்டுகளை வாங்குவது? சிறந்தவை என்று ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள், படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது" என்கிறார்.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. அத்தகைய பட்டியல்களில் பெரும்பாலானவை தனியாக அமர்ந்து மணிக்கணக்கில் ஆடுகிறவரை மனத்தில் வைத்துத் தரம் பிரிப்பவை. உங்களுக்கு வேண்டியதோ, தேர்ந்த ஆட்டக்காரருக்கும் ரிமோட்டை முதன்முறையாகக் கையில் எடுப்பவருக்கும் இடையே உள்ள இடைவெளியைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும் விளையாட்டு. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 2006ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்து 10 கோடிக்கும் மேல் விற்ற இந்தக் கன்சோலுக்காக வந்த ஏராளமான டிஸ்க்குகளில் உங்கள் வீட்டுக்கு உண்மையிலேயே பொருந்துபவை பத்துக்குள் அடங்கிவிடும்.

வாங்கும் முன் உங்கள் ரிமோட் எந்த வகை என்பதைப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் சில விளையாட்டுகள் இதைப் பொறுத்தே ஓடும் அல்லது ஓடாது. முதலில் வந்த ரிமோட்டுகளில் அசைவின் வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானி மட்டுமே இருந்தது. ரிமோட்டின் முனையில் உள்ள அகச்சிவப்புக் கேமரா, தொலைக்காட்சிக்கு மேலோ கீழோ வைக்கும் பட்டையின் இரு முனைகளிலிருந்து வரும் ஒளியைப் பார்த்து, நீங்கள் திரையில் எங்கே சுட்டுகிறீர்கள் என்பதைக் கணிக்கிறது. அந்தப் பட்டைக்கு சென்சார் பார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அது எதையும் உணர்வதில்லை, ஒளியை மட்டுமே உமிழ்கிறது. முடுக்கமானியால் வீச்சை உணர முடியும், ஆனால் மணிக்கட்டு எந்தக் கோணத்தில் எவ்வளவு திரும்பியது என்பதைத் துல்லியமாகத் தொடர முடியாது. இந்தக் குறையைத் தீர்க்கச் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பைக் கொண்ட மோஷன் பிளஸ் என்ற சிறு துணைக்கருவி 2009இல் வந்தது. அடுத்த ஆண்டு அது ரிமோட்டுக்குள்ளேயே பொருத்தப்பட்டது. ரிமோட்டின் முகப்பில் கீழ்ப்பகுதியில் 'மோஷன் பிளஸ் இன்சைடு' என்று அச்சிட்டிருந்தால் அது புதிய வகை. இல்லையென்றால் அடியில் தனியாகச் செருகும் அந்தத் துணைக்கருவி தேவைப்படும்.

முதலில் வாங்க வேண்டியது வீ ஸ்போர்ட்ஸ் என்பதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. ஜப்பான் போன்ற சில இடங்கள் நீங்கலாக, இது தொடக்கத்தில் கன்சோலுடனேயே சேர்த்து விற்கப்பட்டதால் பழைய டிஸ்க் தாராளமாகக் கிடைக்கும். மோஷன் பிளஸ்ஸும் தேவையில்லை. டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என்ற ஐந்தில் பௌலிங் ஒன்றுக்காகவே இதை வாங்கலாம். பின்புறமுள்ள பி பட்டனை அழுத்திக்கொண்டு கையைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்கு வீசி, வீச்சின் முடிவில் விரலை எடுத்தால் பந்து உருளும். கற்றுக்கொள்ள வேண்டியது அவ்வளவுதான். ஒரே ரிமோட்டைக் கைமாற்றி நான்கு பேர் ஆடலாம் என்பதால் உங்களிடம் இருப்பதே போதும். ஒருவர் ஆடும்போது மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பதால் பேச்சுக்கும் கேலிக்கும் இடம் கிடைக்கிறது, உங்கள் மாமியார் நாற்காலியில் அமர்ந்தபடியே ஆடவும் முடியும். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவராக இருந்தால், தொடங்கும்போதே திரையில் அதைத் தேர்ந்துகொள்ளலாம்.

டென்னிஸில் திரையில் உள்ள உருவம் தானே ஓடிப் பந்தை அடையும். மட்டையை வீசும் தருணம் மட்டுமே நம் கையில். சற்று முந்தி வீசினால் பந்து ஒரு பக்கமும் பிந்தி வீசினால் மறுபக்கமும் போகும். எட்டு வயதுச் சிறுவன் பெரியவர்களை இதில் நியாயமாகவே தோற்கடிக்க முடியும், அவனுக்கு அதைவிடப் பெரிய மகிழ்ச்சி இருக்காது. ஆனால் மணிக்கட்டை இலேசாகச் சுண்டினாலே முழு வீச்சாக எண்ணிக்கொள்ளும் பழைய ரிமோட்டின் இயல்பை மகள் சில நாட்களில் கண்டுபிடித்துவிட்டு, சோபாவில் சாய்ந்தபடி எல்லோரையும் வெல்லத் தொடங்குவாள், எதிர்பார்த்திருங்கள். குத்துச்சண்டைக்கு ஆளுக்கொரு நன்சக் வேண்டும், விரைவில் தோள் வலிக்கும், குத்துகளைக் கன்சோல் தவறாகப் படிப்பதும் அதிகம். அதைத் தவிர்த்துவிடலாம்.

அடுத்ததாக வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்டை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். 2009இல் வந்த இதில் வாள்வீச்சு, வில்வித்தை, மேசைப் பந்து, கூடைப்பந்து, படகு என 12 விளையாட்டுகள் உள்ளன. மோஷன் பிளஸ் இல்லாமல் ஓடாது. வில்வித்தையில் ரிமோட்டை வில்லாகப் பிடித்து, நன்சக்கைப் பின்னுக்கு இழுத்து நாணேற்றும்போது கையசைவும் திரையசைவும் எவ்வளவு நெருங்கி ஒத்துப்போகின்றன என்பதை அனுபவித்துத்தான் உணர வேண்டும். இதில் சோபாவில் சாய்ந்து சுண்டும் தந்திரம் அவ்வளவாகப் பலிக்காது. உங்கள் ரிமோட்டுகள் பழையவையாக இருந்தால், மூன்றாவது நான்காவது டிஸ்க்குக்குச் செலவிடும் தொகையை மோஷன் பிளஸ்ஸுக்கும் இரண்டாவது நன்சக்குக்கும் செலவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. அசலைப் போலவே தோற்றமளிக்கும் போலி ரிமோட்டுகள் நிறைய உலவுவதால், வாங்கிய உடனே பௌலிங்கில் ஒருமுறை வீசிப் பார்த்துவிடுவது நல்லது. பேட்டரி வைக்கும் இடத்தில் கசிவின் வெள்ளைப் படிவு இருந்தால் அந்த ரிமோட்டை வாங்க வேண்டாம்.

மூன்றாவது, 2008இல் வந்த மாரியோ கார்ட் வீ. 32 பந்தயத் தடங்கள், பிரிந்த திரையில் ஒரே நேரத்தில் நான்கு பேர், ரிமோட்டை நடுவில் பொருத்திக் காரோட்டுவதுபோலப் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீயரிங். பந்தயத்தில் பின்தங்குகிறவருக்கு வலிமையான ஆயுதங்களும் வேகமூட்டும் பொருள்களும் அதிகமாகக் கிடைக்கும்படியும், முன்னால் செல்பவருக்கு வாழைப்பழத்தோல் போன்ற அற்பமானவையே வரும்படியும் இதை அமைத்திருக்கிறார்கள். நான் மேலே சொன்ன இடைவெளியைச் சரிக்கட்டும் வேலை இங்கே வெளிப்படையாகவே நடக்கிறது; முதலிடத்தில் போகும் மகள், முந்துகிறவரையே தேடித் தாக்கும் நீல ஓடு என்ற ஆயுதத்தால் கடைசி வளைவில் அடிபட்டு விழுவதும், தம்பி அவளைத் தாண்டிச் செல்வதும் தற்செயல் அல்ல. ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டுவது புதியவர்களுக்கு இயல்பாக வரும். துல்லியமாக ஓட்ட விரும்புகிறவர் நன்சக்கை நாடுவார். தொடக்கத்தில் வேகம் குறைந்த 50சிசி பிரிவும் தானியங்கி ஓட்டமும் போதும். நான்கு பேர் ஆடும்போது திரையசைவின் மென்மை சற்றுக் குறையும், சிறிய தொலைக்காட்சியில் கண் களைக்கும்.

சூப்பர் மாரியோ வரிசையில் குடும்பத்துக்கென்று எல்லோரும் முதலில் நீட்டுவது நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ. நான்கு பேர் ஒரே திரையில் ஒரே நேரத்தில் ஓடிக் குதிப்பது இதன் சிறப்பு. ஆனால் ஒருவர் மற்றவரின் தலைமேல் மிதித்தும் தள்ளியும் பள்ளத்தில் வீழ்த்த முடியும். தடுமாறுகிறவர் ஏ பட்டனை அழுத்தி ஒரு குமிழிக்குள் புகுந்து கடினமான இடத்தைக் கடந்துவிடலாம் என்றாலும், அக்கா தம்பிக்கு இடையே இது வளர்க்கும் ஒற்றுமையைவிடச் சச்சரவே அதிகம். உங்கள் குழந்தைகளின் இயல்பு உங்களுக்குத்தான் தெரியும். என்னைக் கேட்டால், முதலில் கர்பீஸ் எபிக் யார்ன் வாங்கச் சொல்வேன். நூலாலும் துணியாலும் ஆன உலகம். இருவர் சேர்ந்து ஆடலாம். ஆட்டத்தில் இறப்பு என்பதே இல்லை. பள்ளத்தில் விழுந்தால் சேர்த்த மணிகளில் சில சிதறும், உடனே மேலே தூக்கிவிடப்படுவீர்கள். மகள் முதலில் இதைக் குழந்தைகளுக்கானது என்று ஒதுக்கக்கூடும். எல்லா மணிகளையும் சேர்த்து ஒவ்வொரு கட்டத்திலும் உயர்ந்த பதக்கம் பெறுவது அவ்வளவு எளிதல்ல என்று சொல்லிப் பாருங்கள்.

உங்களிடம் உள்ள இரண்டு ரிமோட், ஒரு நன்சக் என்ற கணக்குக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துவது சூப்பர் மாரியோ கேலக்ஸி. 2007இல் வந்தபோதே அந்தக் கன்சோலின் தலைசிறந்த விளையாட்டாகக் கொண்டாடப்பட்டது. அந்தப் புகழ் இன்றும் குறையவில்லை. முதலாமவர் ரிமோட், நன்சக் இரண்டையும் வைத்து மாரியோவை இயக்குகிறார்; இரண்டாமவர் வெறும் ரிமோட்டால் திரையைச் சுட்டி, சிதறிக் கிடக்கும் நட்சத்திரத் துகள்களைப் பொறுக்குகிறார், எதிரிகளைத் தடுத்து நிறுத்துகிறார். இரண்டாமவர் எவ்வளவு தடுமாறினாலும் ஆட்டம் கெடாது, கவனமாக இருந்தால் நிஜமாகவே உதவியாக இருக்கும். மகள் ஆட, பாட்டி துகள் பொறுக்கலாம். 2010இல் வந்த இரண்டாம் பாகத்தில் துணையாளரின் பங்கு இன்னும் கூடுதல், ஆனால் முதல் பாகத்தைவிடக் கடினமானது.

விருந்தினர் வரும் நாட்களுக்கு பூம் பிளாக்ஸ். திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் உருவாக்கத்தில் பங்கேற்ற இதில், அடுக்கிவைத்த கட்டைகளை நோக்கிப் பந்தை எறிந்து சரிப்பதும், அடுக்கு சரியாமல் ஒரு கட்டையை உருவுவதும்தான் வேலை. விதிகளை விளக்கவே தேவையில்லை. வாரியோவேர் ஸ்மூத் மூவ்ஸும் கூட்டத்துக்கு ஏற்றது. சில நொடிகளே நீளும் குறும்போட்டிகளில் ரிமோட்டைத் தலைமேலும் இடுப்பிலும் மூக்கின் முன்னும் பிடிக்கச் சொல்லிக் கோமாளித்தனம் செய்ய வைக்கும். ஒருவர் தனியாக ஆடித் திறந்துவிட்ட பிறகே பலர் ஆடும் பகுதி கிடைக்கும் என்பதால் அதை முந்தைய நாளே முடித்துவையுங்கள். ஜஸ்ட் டான்ஸ் வரிசை வலக்கையில் உள்ள ரிமோட்டின் அசைவை மட்டுமே பார்த்து மதிப்பெண் தரும். கால்கள் என்ன செய்கின்றன என்பது அதற்குத் தெரியாது, ஆகவே ஆடத் தெரியாதவர்களும் கூச்சமின்றிச் சேரலாம்.

வீ ஃபிட் பிளஸ்ஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பேலன்ஸ் போர்டு என்ற பலகையின் மேல் நின்று உடற்பயிற்சியும் சமநிலை விளையாட்டுகளும் செய்வது இது, நன்கு தயாரிக்கப்பட்டதும்கூட. ஆனால் ஏறி நிற்பவரின் எடையை அளந்து, உடல் நிறை குறியீட்டைக் கணக்கிட்டு, எடை கூடுதல் என்றால் அதைத் திரையில் அறிவித்து, அவருடைய உருவப்பொம்மையையும் பருத்ததாகக் காட்டிவிடும். வளரும் பருவத்தினருக்கு இந்தக் குறியீடு பெரியவர்களுக்கான அதே அளவில் பொருந்தாது. பதினான்கு வயதுப் பெண் குடும்பத்தினர் முன்னிலையில் அந்த அறிவிப்பை எதிர்கொள்ள வேண்டியதில்லை. மாமியார் பலகையில் ஏறுவதாக இருந்தால் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் உறுதியான நாற்காலி இருக்கட்டும்.

கடையில் மலிவாகக் குவிந்திருக்கும், நாற்பது ஐம்பது குறுவிளையாட்டுகள் ஒரே டிஸ்க்கில் என்று உறை பெருமைப்படும் தொகுப்புகளை எடுக்காதீர்கள். அவற்றில் பல அசைவுகளைச் சரியாகப் படிப்பதே இல்லை. குழந்தைகளின் பிழை என்று நீங்கள் எண்ணிக்கொள்வீர்கள். வீ டிஸ்க்குகள் மண்டலப் பூட்டு உள்ளவை என்பதையும் மறக்க வேண்டாம்: ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா ஆகியவற்றுக்கென்று தனித்தனியாக அச்சிடப்பட்டதால் ஒரு மண்டலத்தின் டிஸ்க் வேறொரு மண்டலத்துக் கன்சோலில் ஓடாது. இணையவழிப் போட்டிகள் 2014 மே மாதத்திலும், பதிவிறக்கக் கடை 2019 ஜனவரியிலும் நின்றுவிட்டன. எனவே டிஸ்க்கில் வருவது மட்டுமே உங்களுக்குக் கிடைக்கும்.

இந்தக் கன்சோலின் படம் எச்டி தெளிவை எட்டாது. எச்டிஎம்ஐ மட்டுமே உள்ள புதிய தொலைக்காட்சியில் இணைக்க ஒரு மாற்றி தேவைப்படும். தொலைக்காட்சியின் அமைப்பில் கேம் மோட் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வீச்சுக்கும் திரையில் அது தெரிவதற்கும் இடையே ஏற்படும் தாமதம் டென்னிஸைக் கெடுத்துவிடும். சுட்டும் குறி துள்ளினால், திரைக்கருகே நேரடி வெயில் விழுகிறதா என்று பாருங்கள். வெயிலிலும் அகச்சிவப்பு இருப்பதால் ரிமோட்டின் கேமரா ஏமாந்துபோகிறது. மணிக்கட்டுக் கயிறு கட்டாயம். கன்சோல் வெளிவந்த சில வாரங்களிலேயே, ரிமோட்டுகள் கைநழுவிப் பறந்த சம்பவங்களை அடுத்து, நின்டெண்டோ தடித்த கயிறுகளை இலவசமாக மாற்றித்தர நேர்ந்தது. உங்கள் ரிமோட்டில் உள்ளது மெல்லிய பழைய கயிறாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

மகளுக்கென்று தனியாக ஒன்று வாங்க மனமிருந்தால், 2011இல் வந்த செல்டா வரிசையின் ஸ்கைவர்ட் ஸ்வோர்டைக் கருதலாம். வாளை எந்தத் திசையில் வீசுகிறோம் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கும் நீண்ட சாகசக் கதை. மோஷன் பிளஸ்ஸும் நன்சக்கும் வேண்டும். ஒருவர் மட்டுமே ஆடக்கூடியது என்றாலும், ஆட்டத்தைச் சேமிக்க மூன்று தனிக் கோப்புகள் இருப்பதால், தம்பி தன் பெயரில் வேறொன்றைத் தொடங்கினாலும் அவளுடையது அழியாது.